சாக்கெட் நுழையாத போல்ட்டுக்கு டார்க் ரெஞ்சில் என்ன அளவு வைப்பது?

உங்கள் கேள்வி இதுதான்: ஒற்றை சிலிண்டர் ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓடும் நான்கு சக்கர வண்டி) ஒன்றில் ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு, மாற்றியிருக்கிறீர்கள். மேலிருந்து இறங்கும் நான்கு பெரிய போல்ட்களை டார்க் ரெஞ்ச் (வைத்த முறுக்கு அளவு வந்ததும் ‘டக்’ என்று அடிக்கும் ரெஞ்ச்) வைத்து இறுக்கியாகிவிட்டது. டைமிங் செயின் ஓடும் பக்கத்தில் இருக்கிற இரண்டு சின்ன எம்6 (மரை விட்டம் 6 மி.மீ.) போல்ட்களுக்கும், சிலிண்டர் அடியில் பிரேமை ஒட்டி நிற்கும் எம்8 நட்டுக்கும் சாக்கெட் போகவில்லை. ஸ்பேனர் மட்டும்தான் போகிறது. டார்க் ரெஞ்சின் முனையில் மாட்டும் ஸ்பேனர் வாயான க்ரோஃபுட் வாங்கி மாட்டினால் ரெஞ்சில் எந்த அளவை வைக்க வேண்டும், அல்லது கையாலேயே நன்றாக இறுக்கிவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். க்ரோஃபுட் கணக்கு இரண்டு வரியில் முடிந்துவிடும், கீழே சொல்கிறேன். ஆனால் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: ரெஞ்ச் காட்டும் எண்ணும், அந்த போல்ட் ஹெட்டைப் பிடித்து அழுத்தும் பலமும் ஒன்றா? ஒன்றில்லை. கைக்கு எட்டாத போல்ட்களில் நடக்கும் தவறுகளில் பல இதிலிருந்துதான் வருகின்றன.

போல்ட்டை இறுக்கும்போது நமக்கு வேண்டியது அது கொஞ்சம் நீண்டு, ஸ்பிரிங் மாதிரி இரண்டு பாகங்களையும் சேர்த்து இழுத்துப் பிடிப்பது. நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் பாதி, போல்ட் தலைக்கு அடியில் நடக்கும் உராய்விலேயே போய்விடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரைகளுக்குள் உராய்வில் போகிறது. மிச்சம் 10 சதவீதம் அளவுக்குத்தான் போல்ட்டை நீட்டும் வேலைக்கு வருகிறது. இது தோராயமான பங்கீடு. மரையின் நிலை, பூச்சு, வாஷர் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஆனால் அதன் விளைவு உறுதியானது. மரையில் சேறும் துருவும் இருந்தால் ரெஞ்ச் சரியான அளவில் ‘டக்’ என்று அடிக்கும், போல்ட்டோ பாதிப் பிடிதான் பிடித்திருக்கும். அதே மரையில் எண்ணெய் வழிந்தால் அதே எண்ணில் போல்ட் அளவுக்கு மீறி நீளும். அதனால்தான் நல்ல டார்க் ரெஞ்ச் பிடித்த கையிலும் கிடைக்கும் பிடி 25 சதவீதம் முன்பின் போகலாம், வெறும் கை உணர்வில் 35 சதவீதம் வரை போகலாம் என்று போல்ட் இணைப்புகளைப் பற்றிய பொறியியல் கையேடுகள் சொல்கின்றன. இந்த இரண்டு எண்ணுக்கும் இடையே உள்ள தூரம் பலர் நினைப்பதைவிடக் குறைவு. மரையைச் சுத்தம் செய்யாமல் ரெஞ்சை மட்டும் நம்பினால் ரெஞ்ச் வாங்கிய காசு வீண்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். ‘எட்டாத போல்ட்’ என்று நாம் சொல்வதில் பல, அதற்கு முன்னால் நிற்கும் ஒன்றைக் கழற்றாததால் எட்டாதவை. ஏடிவியில் சீட்டு, பக்கத்து பிளாஸ்டிக், பெட்ரோல் டேங்க் இவை மூன்றையும் எடுத்துவிட்டால் என்ஜினின் மேல்பாதி முழுக்கத் திறந்துவிடும். சைலன்சர் பைப்பை ஹெட்டிலிருந்து கழற்றினால் முன்பக்கம் கை போகும். பல வண்டிகளில் என்ஜினின் மேல் மவுண்ட் போல்ட்டை மட்டும் எடுத்துவிட்டு, மற்ற மவுண்ட்களைத் தளர்த்தினால், என்ஜின் இரண்டு விரல் அளவுக்குச் சாயும். அந்த இரண்டு விரல் இடம்தான் பிரேமுக்கும் நட்டுக்கும் நடுவில் சாக்கெட் நுழையப் போதுமானது. கிராங்க்கேஸுக்கு (சிலிண்டர் உட்கார்ந்திருக்கும் என்ஜினின் அடிக்கூடு) அடியில் மரத்துண்டு வைத்து ஜாக்கி கொடுத்துத் தாங்கிய பிறகே மவுண்டைத் தளர்த்துங்கள். இரும்பு ஜாக்கியை நேராக அலுமினியத்தில் வைத்தால் கேஸ் விரிசல் விடலாம். சாய்ப்பதற்கு முன் கார்புரேட்டர் அல்லது த்ராட்டில் பாடி ரப்பரும் ஒயர்களும் இழுபடுகின்றனவா என்று பாருங்கள். அரை மணி நேரம் கூடுதலாகும். அந்த அரை மணி நேரத்துக்குப் பயந்து ஒரு ஓப்பன் ஸ்பேனரைச் சாய்த்துப் பிடித்து நட்டின் மூலையை உருட்டிவிட்டால், பிறகு அதைக் கழற்ற ஒரு நாள் போகும்.

அடுத்தது சுத்தம். இது ஏடிவிக்கே உரிய தொல்லை. சேற்றில் ஓடும் வண்டி என்பதால் போல்ட் தலை உட்கார்ந்திருக்கும் குழிக்குள் மண் கெட்டியாக இறுகிக் கிடக்கும். தலைக்கு அடியில் ஒரு மணல் துகள் மாட்டினால் உராய்வு கூடும், தலையும் சரியாக உட்காராது. கழற்றும் முன்பே குழியைக் குத்திக் கிளறி கம்ப்ரசர் காற்றால் ஊதிவிட வேண்டும், இல்லையென்றால் அந்த மண் போல்ட் துளைக்குள் விழும். போல்ட்டை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். துளையை பிரேக் கிளீனர் அடித்து, காற்று ஊதி, ஒரு குச்சியில் துணி சுற்றி உள்ளே விட்டுத் துடையுங்கள். எம்6 போல்ட்கள் போகும் துளைகள் பெரும்பாலும் அடி மூடிய துளைகள். உள்ளே எண்ணெயோ கூலண்டோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அது போக வழியில்லை. திரவம் அமுங்காது, போல்ட்தான் பிஸ்டன் மாதிரி அதை அழுத்தும். ரெஞ்ச் அடிக்கும், ஹெட் இறுகியிருக்காது. இன்னும் அழுத்தினால் அலுமினியம் பிளக்கும். கிராங்க்கேஸ் விரிசல்கள் இப்படியும் வருகின்றன.

எண்ணெய் தடவலாமா கூடாதா என்பதில் என் சொந்த அபிப்பிராயத்துக்கு இடமில்லை, உங்கள் சர்வீஸ் மேனுவல் என்ன சொல்கிறதோ அதுதான். மரையிலும் தலைக்கு அடியிலும் என்ஜின் ஆயில் தடவச் சொன்னால், அந்த எண் எண்ணெய் தடவிய போல்ட்டுக்குக் கணக்கிட்டது. தடவாமல் இறுக்கினால் பிடி குறையும். ஒன்றும் சொல்லாவிட்டால் சுத்தமான, காய்ந்த மரை என்று எடுத்துக்கொள்ளுங்கள். யமஹா மேனுவல்களில் பொது அட்டவணைக்கு மேலேயே இதை எழுதியிருப்பார்கள்: சுத்தமான காய்ந்த மரை, பாகங்கள் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும் என்று. சூடான என்ஜினில் இறுக்கினால் அலுமினியம் விரிந்திருக்கும், ஆறியபின் பிடி வேறாகிவிடும். மரை துருப்பிடித்து இறுகிப்போகாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசை நல்லதுதானே என்று எல்லா போல்ட்டிலும் பூசுபவர்கள் உண்டு. பூசிவிட்டு மேனுவல் எண்ணிலேயே இறுக்கினால் அலுமினிய மரையைப் பிடுங்கும் அளவுக்குப் போய்விடும்.

இப்போது போல்ட்டை மரையில் பிடிக்க வைப்பது. கை நுழையாத இடத்தில் மிகப் பெரிய ஆபத்து இங்கேதான், இறுக்குவதில் இல்லை. எம்6 போல்ட் கோணலாகப் பிடித்துவிட்டால் ஸ்பேனர் போட்டவுடன் மரையை வெட்டிக்கொண்டே இறங்கும். கொஞ்சம் கடினமாக இருக்கிறதே என்று நாம் நினைப்பதற்குள் வேலை முடிந்துவிடும். இதற்கு நல்ல வழி ஒரு பழைய பெட்ரோல் ஹோஸ் துண்டு. போல்ட் தலை இறுக்கமாக நுழையும் அளவில் ஒரு சாண் ஹோஸ் எடுத்து, தலையை அதற்குள் செருகி, ஹோஸைப் பிடித்தே துளைக்குக் கொண்டுபோங்கள். முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் போல்ட் லேசாக ‘டொக்’ என்று விழுவது விரலுக்குத் தெரியும். மரையின் தொடக்கம் அது. அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் தானாக ஏறும். மரை கோணலாகப் பிடித்தால் ரப்பர் வழுக்கிவிடும், அதனால் மரையை வெட்டும் அளவுக்கு பலம் போகாது. குறைந்தது நான்கைந்து சுற்று இப்படியே ஏற வேண்டும். நட்டாக இருந்தால் ரிங் ஸ்பேனரின் வாயில் சின்னக் காகிதத் துண்டை மடித்து வைத்து நட்டை அழுத்தினால் விழாமல் நிற்கும். எல்லாவற்றையும் விரலால் இறக்கிய பிறகு தலைகள் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று ஒரு முறை பாருங்கள். ஒன்று மட்டும் தூக்கி நின்றால் நீளம் மாறிய போல்ட் அங்கே போயிருக்கிறது. நீளமானது துளையின் அடியை முட்டும். குட்டையானது இரண்டு மூன்று மரையில் தொங்கி, இறுக்கும்போது அவற்றைப் பிடுங்கிக்கொண்டு வரும்.

இனி நீங்கள் கேட்ட கணக்கு. இங்கே சொல்வது வெறும் நெம்புகோல் கணக்கு, இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ரெஞ்சுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் நேரான எக்ஸ்டென்ஷன் போட்டால், எவ்வளவு நீளமானாலும், ரெஞ்சில் வைக்கும் எண் மாறாது. மெல்லிய நீள எக்ஸ்டென்ஷன் சற்று முறுக்கிக்கொள்ளும், அதனால் கைப்பிடி அதிக தூரம் போவது போலத் தோன்றும். போல்ட்டுக்குப் போகும் முறுக்கு அதேதான். ஒரு நிபந்தனை: எக்ஸ்டென்ஷன் போல்ட்டுக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும், ரெஞ்சின் தலையை இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து அது சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாய்ந்தால் சாக்கெட் ஒரு பக்கமாக உரசி, முறுக்கின் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

சாக்கெட்டைச் சாய்வாகத் திருப்ப உதவும், நடுவில் மடங்கும் யுனிவர்சல் ஜாயின்ட் அப்படியில்லை. அது வளைந்து நிற்கும்போது போல்ட்டுக்குப் போகும் முறுக்கு, ஒரே சுற்றுக்குள் ஏறி இறங்கும். 15 டிகிரி வளைவில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 3.5 சதவீதம், பொறுத்துக்கொள்ளலாம். 30 டிகிரியில் 13 முதல் 15 சதவீதம் ஆகிவிடும். 45 டிகிரியில் கணக்கே போட வேண்டாம், அந்த நிலையில் ரெஞ்ச் காட்டுவது உங்கள் போல்ட்டின் எண் இல்லை. போல்ட்டை ஓட்டி இறக்க யுனிவர்சல் ஜாயின்ட் நல்லது. கடைசி இறுக்கத்துக்கு 15 டிகிரிக்குள் வைத்தால் மட்டும் பயன்படுத்துங்கள். ஆலன் போல்ட்டுக்கு உருண்டை முனை கொண்ட சாவியும் இதே மாதிரிதான். ஓட்டுவதற்கு அது, இறுக்குவதற்கு நேர் முனை.

க்ரோஃபுட் என்பது கைப்பிடி இல்லாத ஸ்பேனர் வாய். பின்னால் ரெஞ்ச் மாட்ட ஒரு சதுரத் துளை. சதுரத் துளையின் நடுவிலிருந்து நட்டின் நடுவுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரம் இருக்கும். ரெஞ்சோடு ஒரே கோட்டில், முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும்படி மாட்டினால் நெம்புகோல் அந்த அளவுக்கு நீளமாகிறது. ரெஞ்சுக்கு அது தெரியாது. ரெஞ்சின் சதுர முனை நடுவிலிருந்து கைப்பிடியில் நீங்கள் பிடிக்கும் இடத்தின் நடு வரை அளந்துகொள்ளுங்கள். வேண்டிய முறுக்கை இந்த நீளத்தால் பெருக்கி, நீளத்தையும் க்ரோஃபுட் தூரத்தையும் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால், ரெஞ்சில் வைக்க வேண்டிய அளவு கிடைக்கும். உங்கள் எம்6க்கு 10 நியூட்டன் மீட்டர் வேண்டும் என்று வைப்போம். ரெஞ்ச் 20 செ.மீ., க்ரோஃபுட் 2.5 செ.மீ. 10ஐ 20ஆல் பெருக்கி 22.5ஆல் வகுத்தால் 8.9. ரெஞ்சில் 8.9 வைக்க வேண்டும். மாற்றாமல் 10லேயே வைத்தால் போல்ட்டுக்கு 11.25 போகும். க்ரோஃபுட்டை 45 டிகிரி திருப்பி மாட்டினால் 9.2 வைக்க வேண்டும். பின்பக்கமாக, கைப்பிடியை நோக்கித் திருப்பி மாட்டினால் நெம்புகோல் குறைகிறது, 11.4 வைக்க வேண்டும்.

இத்தனை கணக்கையும் தவிர்க்க ஒரு வழி உண்டு: க்ரோஃபுட்டை ரெஞ்சுக்குச் செங்குத்தாக, 90 டிகிரியில் மாட்டுங்கள். அப்போது ரெஞ்சின் எண்ணும் போல்ட்டின் எண்ணும் ஒன்றுதான், திருத்தம் எதுவும் வேண்டாம். கைப்பிடியில் உங்கள் கை போடும் பலம் க்ரோஃபுட் நீட்டிக்கொண்டிருக்கும் திசையிலேயே போவதால் அந்தத் தூரம் நெம்புகோலில் சேர்வதில்லை. இடம் இருந்தால் எப்போதும் இப்படியே செய்யுங்கள். க்ரோஃபுட் மாதிரியே வேலை செய்யும், ஆனால் நீளமான எலும்பு வடிவ அடாப்டரில் இது இன்னும் முக்கியம். எம்8 நட்டுக்கு 22 நியூட்டன் மீட்டர் என்று வைத்து, அதே 20 செ.மீ. ரெஞ்சோடு 8 செ.மீ. அடாப்டரை நேராக மாட்டி, எண்ணை மாற்றாமல் இறுக்கினால் நட்டுக்கு 30.8 போகும். 40 சதவீதம் அதிகம். திருத்தினால் ரெஞ்சில் 15.7 வைக்க வேண்டும். நேராக மாட்டும்போது கைப்பிடியை அளந்த இடத்திலேயே பிடியுங்கள். கையை முன்னே நகர்த்தினால் கணக்கு மாறும். வாங்கும்போது வாய் திறந்த க்ரோஃபுட்டைவிட, ஒரு சின்னப் பிளவு மட்டும் உள்ள ரிங் மாதிரி க்ரோஃபுட்டைத் தேடி வாங்குங்கள். திறந்த வாய் அழுத்தத்தில் விரியும், சின்ன நட்டின் மூலையை உருட்டும்.

ரெஞ்சின் அளவும் முக்கியம். அரை அங்குல முனையுள்ள 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் ரெஞ்சை வைத்துக்கொண்டு எம்6 போல்ட்டை இறுக்கக் கூடாது. டார்க் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 6789 தரத்தில், உச்ச அளவு 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் உள்ள கிளிக் ரெஞ்சுகளுக்கு 4 சதவீதமும், உச்ச அளவே 10 அல்லது அதற்குக் கீழ் உள்ளவற்றுக்கு 6 சதவீதமும் முன்பின் போக அனுமதி உண்டு. அதுவும் ரெஞ்சின் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலே உள்ள எல்லைக்குத்தான் அந்த உறுதி. என்ஜின் வேலைக்கு கால் அங்குல முனையில் 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் ரெஞ்ச் ஒன்று தனியாக வேண்டும். வேலை முடிந்ததும் அளவை அடி எண்ணுக்கு இறக்கி வையுங்கள்.

எண்களைப் பற்றி: உங்கள் வண்டியின் மாடலும் வருடமும் கேள்வியில் இல்லை, ஆகவே மேலே சொன்ன 10, 22 இரண்டும் கணக்குக்கான உதாரணம் மட்டுமே. ‘எம்6 என்றால் பத்து’ என்று மனப்பாடம் செய்துவைப்பதில் உள்ள ஆபத்தைப் பாருங்கள். யமஹா மேனுவல்களின் பொது அட்டவணை 6 மி.மீ. மரைக்கு 6 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ.க்கு 15, 10 மி.மீ.க்கு 30 என்கிறது. ஹோண்டாவின் பொது அட்டவணை அதே அளவுகளுக்கு 10, 22, 34 என்கிறது; அதிலும் அகலத் தலை ஃப்ளாஞ்ச் போல்ட்டாக இருந்தால் எம்6க்கே 12. இரண்டுமே பொது அட்டவணைகள்; குறிப்பிட்ட போல்ட்டுக்குத் தனி எண் கொடுத்திருந்தால் அட்டவணையை மறந்துவிட வேண்டும். அலகையும் பாருங்கள். 10 நியூட்டன் மீட்டர் என்பது சுமார் 7.4 அடி பவுண்டு, 88.5 அங்குல பவுண்டு, 1 கிலோகிராம் மீட்டருக்குச் சற்று அதிகம். அமெரிக்க மேனுவலில் 89 அங்குல பவுண்டு என்று இருப்பதை அடி பவுண்டு என்று படித்தால் 120 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். எம்6 அதற்கு வெகு முன்பே ஒடிந்திருக்கும்.

வரிசை சுருக்கமாக. நான்கு பெரிய போல்ட்கள் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு அல்லது மூன்று கட்டங்களில். அவை முழு அளவுக்கு வந்தபிறகே செயின் பக்கத்து எம்6 இரண்டும். நீங்கள் செய்த வரிசை சரி. அடி நட்டில் மட்டும் ஒரு சந்தேகம் வரும். நான்கு பெரிய போல்ட்களும் ஹெட்டையும் சிலிண்டரையும் துளைத்துக்கொண்டு கிராங்க்கேஸ் வரை போகும் என்ஜினாக இருந்தால், அடி நட்டைக் கடைசியில் இறுக்குவதில் தவறில்லை. சிலிண்டர் தன் சொந்த நட்டுகளாலேயே கிராங்க்கேஸில் நிற்கும் அமைப்பாக இருந்தால், சிலிண்டரை முதலில் இறுக்கிவிட்டுத்தான் ஹெட்டுக்கு வர வேண்டும். அப்படியென்றால் ஹெட் போல்ட்களைத் தளர்த்தி, மேனுவல் வரிசைப்படி மறுபடி தொடங்குவது நல்லது. ஒவ்வொரு போல்ட்டிலும் கடைசி இழுப்பு ஒரே சீராக, நிற்காமல் போக வேண்டும். பாதியில் நின்று மறுபடி இழுத்தால், நின்ற உராய்வைத் தாண்டுவதற்கே கூடுதல் முறுக்கு வேண்டும். போல்ட் நகராமலே ரெஞ்ச் அடித்துவிடும். இடமில்லாமல் பாதியில் நிற்க வேண்டி வந்தால் கால் சுற்று தளர்த்தி, கைப்பிடியை வேறு இடத்தில் தொடங்கி மறுபடி இழுங்கள். ரெஞ்ச் ஒரு முறை அடித்தால் போதும். உறுதி செய்கிறேன் என்று இரண்டாம் முறை, மூன்றாம் முறை அடிக்க விடுபவர்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

க்ரோஃபுட்டும் போகாத இடமென்றால் என்ன செய்வது? பயணப் பெட்டியை எடை போடும் கொக்கித் தராசு ஒன்றும் ஒரு ரிங் ஸ்பேனரும் போதும். ஸ்பேனரின் மறுமுனையில் உறுதியான கயிற்றைக் கட்டி, தராசின் கொக்கியை அதில் மாட்டுங்கள். போல்ட்டின் நடுவிலிருந்து கயிறு வரை உள்ள தூரத்தை மீட்டரில் அளந்து, வேண்டிய நியூட்டன் மீட்டரை அதால் வகுத்து, வரும் எண்ணை 9.81ஆல் வகுத்தால் தராசு காட்ட வேண்டிய கிலோ. 10 நியூட்டன் மீட்டர், கயிறு 12 செ.மீ. தூரத்தில் என்றால் 8.5 கிலோ. 22 நியூட்டன் மீட்டர், 18 செ.மீ. என்றால் 12.5 கிலோ. இழுப்பு ஸ்பேனருக்குச் செங்குத்தாகவும், ஸ்பேனர் சுற்றும் தளத்திலேயேயும் இருக்க வேண்டும். 20 டிகிரி விலகினால் 6 சதவீதம் குறையும். கயிறு பிரேமில் உரசினாலும் தராசு பொய் சொல்லும். மெதுவாக இழுத்து, போல்ட் நகர்ந்துகொண்டிருக்கும்போதே எண்ணை எட்ட வேண்டும். இது ரெஞ்ச் அளவுக்கு நுட்பமானதில்லை, ஆனால் வெறும் கையைவிட எவ்வளவோ மேல்.

தராசுக்கும் இடமில்லை, கைதான் வழி என்றால், கையைப் பழக்கிவிட்டு வாருங்கள். அதே என்ஜினில் கைக்கு எட்டுகிற, அதே அளவுள்ள, அதே மாதிரி அலுமினியத்தில் இறங்கும் ஒரு எம்6 போல்ட்டை எடுத்து, எட்டாத போல்ட்டுக்குப் போடப்போகும் அதே ஸ்பேனரால், அதே கையால், அதே பிடியில் இறுக்குங்கள். பிறகு அதற்கு ரெஞ்சை வைத்துப் பாருங்கள். ரெஞ்ச் அடிக்குமுன் போல்ட் இன்னும் நகர்ந்தால் கை குறைவாகப் போட்டிருக்கிறது. நகராமல் உடனே அடித்தால் அதிகமாகவும் இருக்கலாம், ஆகவே தளர்த்திவிட்டு இன்னும் மென்மையாக மறுபடி செய்யுங்கள். ரெஞ்ச் அடிக்குமுன் ஒரு மயிரிழை மட்டும் நகரும் நிலைக்குக் கை வரும்வரை ஐந்தாறு தடவை செய்துவிட்டு, அந்த நினைவு ஆறுமுன் எட்டாத போல்ட்டுக்குப் போங்கள். ஸ்பேனரின் நுனியைப் பிடிக்காமல், வாய்க்கு அருகில் பிடித்து இறுக்குவது எம்6க்குப் பாதுகாப்பு. ஆனால் மேனுவல் ‘இத்தனை நியூட்டன் மீட்டர், பிறகு இத்தனை டிகிரி’ என்று கோணம் கேட்கும் போல்ட்களிலும், கனெக்டிங் ராட் போல்ட்களிலும் இந்தக் கை முறையைத் தொடவே வேண்டாம். அவற்றுக்கு என்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும்.

இறுக்கும்போது கை ஒரு செய்தியைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல மரையில் முறுக்கு சீராக ஏறும். ஏறி வந்துகொண்டிருந்த இறுக்கம் திடீரென்று வெண்ணெய் மாதிரி இளகி, போல்ட் சுற்றுகிறது ஆனால் இறுகவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அலுமினிய மரை பிய்ந்துகொண்டிருக்கிறது, அல்லது போல்ட் கழுத்து இளகுகிறது. இன்னும் கால் சுற்று போட்டால் பிடிக்கும் என்று தோன்றும், பிடிக்காது. கழற்றிப் பாருங்கள். மரைப்பள்ளத்தில் வெள்ளிச் சுருள் மாதிரி அலுமினியம் சுற்றிக்கொண்டு வந்தால் துளையின் மரை போய்விட்டது. இதற்குச் சரியான வைத்தியம் கம்பிச் சுருள் மரை, அதாவது ஹெலிகாயில். எம்6க்கு 6.3 மி.மீ. டிரில், அதற்கென்றே வரும் டேப் (துளையில் மரை வெட்டும் கருவி), அதன்பிறகு சுருள். சுருளின் மேல்முனை துளையின் வாய்க்கு அரைச் சுற்று கீழே இருக்க வேண்டும். அடியில் உள்ள நாக்கை ஒடித்து வெளியே எடுத்துவிட வேண்டும். டிரில் பள்ளத்தில் கிரீஸ் பூசினால் தூள் அதில் ஒட்டும். செயின் போகும் குழியைத் துணியால் அடைத்துவிட்டே டிரில்லைத் தொடுங்கள், அலுமினியத் தூள் உள்ளே விழுந்தால் ஆயில் பம்ப் வழியாக என்ஜின் முழுக்கச் சுற்றும். ஒழுங்காகப் போட்ட எஃகுச் சுருள், பழைய அலுமினிய மரையைவிட நன்றாகவே தாங்கும். இதற்குப் பதிலாக நீளமான போல்ட்டைப் போட்டுப் பார்ப்பது, துளையின் அடியில் இன்னும் தொடாத நல்ல மரை மிச்சமிருக்கிறது என்று அளந்து தெரிந்துகொண்ட பிறகு மட்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பக்கத்து அலுமினியம் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். எதை இறுக்கினோம், எதை விட்டோம் என்ற குழப்பம் அப்போதே தீரும். பிறகு என்ஜினை ஓட்டி முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு ராத்திரி ஆறவிட்டு, டார்ச் அடித்து செயின் பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள். ஆறியபின் ஹெட்டை மறுபடி இறுக்க வேண்டுமா என்பது கேஸ்கெட்டின் வகையைப் பொறுத்தது. மேனுவல் கேட்டால் மட்டும் செய்யுங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது: முழுக்கக் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, புதிதாக இறுக்குங்கள். கோடு நேராக இருந்தும் எண்ணெய் கசிகிறது என்றால் அந்த எம்6 போல்ட்டின் மேல் இன்னும் பலம் போடாதீர்கள். கசிவு கேஸ்கெட் உட்காரும் முகத்தில் இருக்கிறது. ஹெட்டைக் கழற்றி, நேர்ச்சட்டம் வைத்து, ஆறு திசையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். ஜப்பானிய ஒற்றை சிலிண்டர் என்ஜின்களில் அனுமதிக்கும் வளைவு பெரும்பாலும் 0.03 முதல் 0.10 மி.மீ.க்குள் இருக்கும். அதற்கு மேல் வளைந்த ஹெட்டை முகம் தேய்த்து மட்டமாக்கிய பிறகே, புது கேஸ்கெட்டோடு மறுபடி ஏற்ற வேண்டும்.